உயிர் மருந்தை உருப்படியாகக் கொல்வது எப்படி?

சிலந்திப்பேனைக் கொல்ல வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேனைக் கொல்ல வரும் பூஞ்சையைக் கொல்வது எப்படி என்று முறையாகச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஆளில்லாததால் வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. காசு கொடுத்து வாங்கி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, கூலிக்கு ஆள் வைத்துத் தெளித்து, நடுவில் எங்கேயோ அதைச் சாகடித்துவிட்டு, "இந்த உயிர் மருந்தெல்லாம் சும்மாங்க" என்று டீக்கடையில் அறிவிப்பதில் நாம் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறோம். கைப்பழக்கத்தில் நடக்கும் இந்தக் காரியத்தைக் காரணம் தெரிந்து செய்தால் இன்னும் சுத்தமாக முடிக்கலாம். அதற்குத்தான் இந்தக் கையேடு. மாடித்தோட்டக்காரர்களுக்கும் பொருந்தும், அவர்கள் கொஞ்சமாகக் கொல்வார்கள், அவ்வளவுதான்.

ஆள் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் பெவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசீலியம் என்ற பெயர்களில் கிடைப்பவை இவை. மூன்றாவதன் பெயரை அறிவியலார் லெக்கானிசீலியம் என்று மாற்றி வெகுநாளாகிறது. கடைக்கு இன்னும் தகவல் வரவில்லை. பேனுக்கென்றே பிறந்த ஹிர்சுட்டெல்லா என்ற ஒன்றும் உண்டு, அது பின்னால் வரும். பெவேரியா பாக்கெட்டில் 1.15% என்று போட்டிருப்பார்கள். மீதி பெரும்பாலும் முகப்பவுடருக்குப் போடும் அதே டால்க். ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு கிலோவில் 10,000 கோடி. இத்தனை கோடியை ஒற்றை ஆளாக எப்படிக் கொல்வது என்று மலைக்க வேண்டாம். சித்திரை வெயில் கூட இருக்கும்போது நீங்கள் ஒற்றை ஆள் இல்லை.

பூஞ்சை வேலை செய்யும் விதம் இது. வித்து பேனின் தோலில் ஒட்டும். ஈரம் கிடைத்தால் முளைவிடும். முளையின் நுனி தோலை அழுத்திப் பிடித்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளைத்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே பல்கிப் பெருகி ஆளை முடிக்கும். வெளியே காற்றில் ஈரப்பதம் இருந்தால் வெண்பஞ்சாகத் தோலைப் பிய்த்துக்கொண்டு வந்து, அடுத்த பேனுக்கு வித்து தூவும். பேன் இதைத் தின்ன வேண்டியதில்லை, மேலே பட்டால் போதும். இவ்வளவு கட்டங்கள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை ஒத்துவர வேண்டும் என்பதும்தான் நமக்குக் கிடைத்த பிடி.

பெவேரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். மெட்டாரைசியம் 30 வரை முகம் சுளிக்காது. லெக்கானிசீலியம் சுபாவத்தில் ஊட்டிக்காரர்: 20 முதல் 25-க்குள் செழிக்கும், 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். 15-க்குக் கீழே எல்லாமே மந்தம். 35-ஐ ஒட்டி வந்துவிட்டால் பெரும்பாலான ரகங்களின் வளர்ச்சி நின்றுவிடும்.

இதை வரைபடமாகப் போட்டால் ஒரு விஷயம் கண்ணில் படும். குளிரிலிருந்து உச்சம் வரை வளர்ச்சி மெல்ல மெல்லத்தான் ஏறும். உச்சத்தைத் தொட்டபின் அதே வேகத்தில் இறங்காது. ஏறுவது மலைக்கோட்டைப் படிக்கட்டு, இறங்குவது கிணறு. நன்றாக வளரும் வெப்பநிலைக்கும் அடியோடு நின்றுபோகும் வெப்பநிலைக்கும் நடுவே எட்டுப் பத்து டிகிரிதான் இருக்கிறது. குளிரை வைத்துப் பூஞ்சையைக் கொல்லப் பார்ப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். குளிரில் அது தூங்கும், சாகாது. ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து உங்கள் திட்டத்தைக் கெடுக்கும். ஆகவே வெயில் பக்கம் வாருங்கள்.

கடையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்

நல்ல கடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரை, மேற்குப் பார்த்த வாசல், மின்விசிறி முதலாளியின் தலைக்கு மேல் மட்டும். வேலூரிலும் கரூரிலும் மே மாதம் நிழலில் 40-ஐத் தாண்டுவது பேப்பரில் வந்து அலுத்துப்போன செய்தி. அந்த நாளில் தகரத்துக்கு நேர் கீழே இருக்கும் மேல் அலமாரியில் எவ்வளவு சூடு இருக்கும் என்று நீங்களே கையை வைத்துப் பாருங்கள். உயிர் மருந்துகளை வைக்க அந்த அலமாரிதான் வழக்கமாக ஒதுக்கப்படுகிறது. அதிகம் போகாத சரக்கு என்பதால் மேலே. மேலே இருப்பதால் சூடு. சூட்டில் செத்துப்போவதால் வாங்கியவர் திரும்ப வருவதில்லை. அதனால் அதிகம் போவதில்லை. கணக்கு எங்கும் பிசகாமல் சுற்றிவந்து சேர்கிறது.

கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏனுங்ணா, இதைக் குளிர்ச்சியா வெச்சிருக்கணுமாமே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா. பவுடர்தானுங்க. பவுடர் எங்க கெடப்போகுது?"

"தேதி மார்ச்சு போட்டிருக்குதுங்க."

"அது தயாரிச்ச தேதிங்ணா. இன்னும் ஆறு மாசம் கெடக்குது. ஃபிரிட்ஜுல வெக்கறதுக்கு இதென்ன தடுப்பூசியா?"

கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார். தடுப்பூசிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்மையிலேயே உண்டு. தடுப்பூசியில் பல வகைகள் உயிரில்லாதவை.

அட்டையில் உள்ள காலாவதித் தேதி, வித்துகள் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இருந்தால் என்ற நிபந்தனையோடு போட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த லாரி, பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸ், வாசலில் இறக்கி வைத்த மதியம் ஆகிய எதையும் தேதிக்குத் தெரியாது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. நன்றாக உலர்ந்த வித்து முரட்டு ஆசாமி. ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளியை ஒழிக்க 1989-ல் லுபிலோசா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். மெட்டாரைசியத்தை வைத்து கிரீன் மசில் என்ற மருந்தை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். வித்தின் ஈரத்தை 5 சதவீத அளவுக்கு உலர்த்தி எண்ணெயில் கலந்தால் பாலைவனச் சூட்டையும் ஓரளவு தாங்கும் என்று கண்டார்கள். நமக்கு இது கெட்ட செய்தி. பரிகாரம் எளிது. பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு மோட்டார் ரூமில் வையுங்கள். ஈரம் ஏறியபின் சூடு ஏறட்டும். உலர்ந்த நிலையில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் வித்து, ஈரம் பட்டு 45 டிகிரியில் கிடந்தால் மணிக்கணக்கில் முடிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி போதுமானது. காரில் வந்தவர்கள் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரலாம். வெயிலில் மூடி நின்ற காருக்குள் 50 டிகிரி என்பது பந்தி முடிவதற்குள் வந்துவிடும்.

கலக்குதல்

இதுவரைக்கும் சாகாமல் வந்து சேர்ந்த வித்துகளுக்கு மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியின் மதியத் தண்ணீர் நல்ல வரவேற்பு. கரைத்த டேங்கை வரப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது ஆள் கூலியை மிச்சப்படுத்த, "இதோட அதையும் சேர்த்து அடிச்சிரலாம்" என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். அந்த யோசனையை மதியுங்கள். அது மான்கோசெப்பாக இருந்தால் சிறப்பு. பூஞ்சாணக்கொல்லியின் வேலை பூஞ்சாணத்தைக் கொல்வது. நோய்ப் பூஞ்சாணம், நீங்கள் காசு கொடுத்த பூஞ்சாணம் என்று அது ஆள் பார்ப்பதில்லை. நனையும் கந்தகமும் அடிப்படையில் பூஞ்சாணக்கொல்லிதான். பேனுக்கும் அதையே பரிந்துரைப்பதால், இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றும்போது பேனுக்கு இரட்டைத் தாக்குதல் என்ற மனநிறைவும் கிடைக்கும்.

இதில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களில் துருப்பேன் என்று ஒரு நுண்பேன் பழத்தோலைத் துரு நிறத்துக்கு மாற்றிவிடும். கோடை மழை தொடங்கிச் சில வாரங்களில் அந்தப் பேன் கூட்டம் கூட்டமாகத் தானே செத்துப்போவதைப் பார்த்து, இதற்கு ஏதாவது பூஞ்சை காரணமாக இருக்குமோ என்று 1924-லேயே ஸ்பியர், யாதர்ஸ் என்ற இருவர் சயன்ஸ் இதழில் எழுதிக் கேட்டார்கள். 1950-ல் ஃபிஷர் அதற்கு ஹிர்சுட்டெல்லா தாம்சோனி என்று பெயர் வைத்தார். கேள்விக்கும் பெயருக்கும் நடுவே 26 வருடம். ஆனால் அந்தத் தோட்டக்காரர்கள் பெயர் வைக்கும்வரை காத்திருக்கவில்லை. இலைநோய்க்காகத் தாமிர மருந்தை அடித்து, யாரும் வாங்காமல் இனாமாக வேலை செய்துகொண்டிருந்த பூஞ்சையை ஒழித்தார்கள். தாமிரம் அடித்த மரங்களில் துருப்பேன் பெருகியது. பேன் பெருகியதால் பேனுக்கு மருந்து. அந்தத் தோட்டத்து மருந்து வியாபாரியை நினைத்துப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அதே பூஞ்சையை அபட் நிறுவனம் மைகார் என்ற பெயரில் பாக்கெட் போட்டது. 1981-ல் அமெரிக்க அரசின் பதிவும் கிடைத்தது. சில வருடங்களிலேயே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. வைத்திருக்கும்போது குளிர்ச்சி வேண்டும், தெளித்தபின் ஈரம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் சலுகை கேட்கும் சரக்கை எந்த வியாபாரி எத்தனை நாள் தாங்குவார்?

எந்த நேரத்தில் தெளிப்பது

காலை பத்தரை மணி. இதில் சமரசமே வேண்டாம். ஆட்கள் வந்து, டீ குடித்து, நாசில் அடைப்பை ஊதி எடுத்து, ஆரம்பிக்க எப்படியும் அந்த நேரம் ஆகிவிடும் என்பதால் தனியாகத் திட்டமிடவும் தேவையில்லை. பத்தரைக்கு இலையில் விழுந்த வித்துக்குப் பதினொன்றுக்குள் ஈரம் காய்ந்துவிடும். முளைக்க அதற்குச் சுமார் 25 டிகிரியில், ஏறக்குறைய நூறு சதவீத ஈரப்பதத்தில், அரை நாளிலிருந்து ஒரு நாள் வேண்டும். நீங்கள் கொடுத்தது அரை மணி. அதன் பிறகு அது வறண்டு கிடக்கும் நேரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நேர் வெயிலில் பாதுகாப்பில்லாத வித்து சில மணி நேரத்துக்கு மேல் உயிரோடிருப்பது அரிது.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அடித்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காக. வெயில் இறங்கியிருக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து நாசிலைத் திருப்பியிருந்தால் ஈரம் அங்கே தங்கும். இரவு முழுக்க வெப்பநிலை இருபதுகளில் நிற்கும், பின்னிரவில் பனியும் இறங்கும். விடிவதற்குள் பல வித்துகள் முளைத்துப் பேனின் தோலைத் துளைக்கத் தொடங்கிவிடும். உள்ளே போனபின் வெளியே வெயில் அடித்தாலும் ஈரம் காய்ந்தாலும் அதற்கு அவ்வளவு கவலை இல்லை. ஒரே ஒரு சாயங்காலத்தில் நம் மொத்த உழைப்பும் பாழ்.

பேனின் பக்கம் நின்று பாருங்கள்

வெண்டை இலை ஒன்றைப் பறித்துத் திருப்பி, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். நரம்பும் நரம்பும் பிரியும் மூலையில் மெல்லிய நூலாம்படை. அதற்குள் மஞ்சளும் பச்சையுமாக, முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளியோடு எட்டுக் கால் ஆசாமிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் கண்ணாடி மணி போல உருண்டையான முட்டைகள். உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் அங்கங்கே ஒட்டியிருக்கும். அந்தத் தோல்களைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உங்கள் கட்சியின் பலம் அதில்தான் இருக்கிறது.

முட்டையிலிருந்து வந்த பேன், முதிர்வதற்குள் மூன்று முறை சட்டை உரிக்கும். 30 டிகிரி வாக்கில் முட்டை முதல் முதிர்ந்த பேன் வரை ஒரு வாரத்தை ஒட்டி முடிந்துவிடும். ஒவ்வொரு சட்டைக்கும் ஓரிரு நாள்தான் ஆயுள். தோலில் ஒட்டிய வித்து அதற்குள் துளைத்துப் போய்விட வேண்டும். வெயிலிலோ குளிரிலோ முளைப்பு தாமதமானால், பேன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துவிடும். வித்து காலிச் சட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு பேரின் விருப்ப வெப்பநிலையும் ஒன்றில்லை என்பதைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். செம்பேன் என்றும் அழைக்கப்படும் இந்தச் சிலந்திப்பேன் 30 டிகிரியைத் தாண்டியும் உற்சாகமாக இருக்கும், வறண்ட காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். பூஞ்சையோ அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. செம்பேனுக்குப் பங்குனி சித்திரை, பூஞ்சைக்கு ஐப்பசி கார்த்திகை. மழைக்காலத்தில் பேன் தானாகவே குறைந்திருக்கும், அதனால் அப்போது யாரும் பூஞ்சை வாங்குவதில்லை. வாங்குவது பேன் வலை பின்னி இலை வெளுத்துப்போன ஏப்ரலில்தான். பேன் அதன் சொந்த ஊரில் நிற்கும்போது, பூஞ்சையை அந்நிய மண்ணில் இறக்கிச் சண்டைக்கு விடுகிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்களுக்கு வெட்டுக்கிளி ஒரு பாடம் வைத்திருக்கிறது. பூஞ்சை தொற்றிய வெட்டுக்கிளி வெயிலில் போய் உட்கார்ந்து உடம்பை 40 டிகிரி வாக்குக்குச் சூடேற்றிக்கொள்ளும். வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்ளும் காய்ச்சல் அது. அந்தச் சூட்டில் பூஞ்சை உள்ளேயே முடங்கிக் கிடக்கும். பாவம், பேன் அரை மில்லிமீட்டர் பிராணி. அதற்கென்று தனி உடம்புச் சூடு கிடையாது, இலை எவ்வளவு சூடோ அவ்வளவு. அதற்குக் காய்ச்சல் வரவழைக்கும் உதவியை நீங்கள்தான் செய்ய வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவதை நான்கு நாள் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குடித்த செடி இலைத்துளை வழியே ஆவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். வாடிய செடி துளைகளை மூடிக்கொள்வதால், மதிய வெயிலில் இலை சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சுடும். இலையடியில் தங்கும் ஈரமும் போய்விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பேன் வறட்சியில் வாடிய செடியை விரும்பிச் சாப்பிடும் என்பதைச் சேர்த்தால் மூன்று.

ஓசூர்ப் பக்கம் ரோஜாக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமமும் இல்லை. வெளியே மிதமான காற்று அடிக்கும் ஊராயிற்றே என்று மனம் தளர வேண்டாம். பாலித்தீன் கூரைக்குக் கீழே பக்கத் திரைகளை ஏற்றாமல் விட்டால் மதியத்துக்குள் கரூரைக் கொண்டுவந்துவிடலாம்.

சராசரியைக் காட்டி வாதாடுவது

விஷயம் தெரிந்த யாராவது வந்து வெப்பநிலையைப் பற்றிக் கேட்டால் சராசரியைச் சொல்லுங்கள். அதிகபட்சம் 36, குறைந்தபட்சம் 22, சராசரி 29. கேட்டவர் வாயடைத்துப் போவார். 29 என்பது மெட்டாரைசியத்துக்கு மனம்போல அமைந்த எண், பெவேரியாவும் ஒன்றும் சொல்லாது. ஆனால் உங்கள் வயலில் 29 டிகிரி ஒரு நாளைக்கு இரண்டு தடவை, காலையில் ஏறும்போது ஒன்றும் மாலையில் இறங்கும்போது ஒன்றுமாக, எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மிச்ச நேரமெல்லாம் வேறு எண்கள். பூஞ்சை இரவில் வளரும், மதியம் நின்றுவிடும், மறுபடி இரவில் தொடங்கும். 36-ல் சில மணி நேரம் நின்றதற்காக அது சாவதில்லை. தாமதமாகிறது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரி நிலையாக வைத்த பெட்டிக்குள் நான்கைந்து நாளில் பேனைக் கொன்ற அதே ரகம், வயலில் ஒரு வாரத்தைத் தாண்டும். பேனுக்குத் தாமதம் இல்லை. பெண் பேன் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முட்டை இட்டுவிட்டுத்தான் ஓயும் என்பதால், பூஞ்சைக்கு ஏற்படும் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கணக்கு வேறு ஒருவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போய்ப் பேன் உயிரோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு ரசாயன மருந்துக்கு மாறிவிடுவது நல்ல வழக்கம். பூஞ்சை தொற்றிய பேன் சாவதற்குச் சற்று முன்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்ற தகவலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தென்னந்தோப்புக்காரர்களுக்குத் தனியாக

1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஈரியோபைட் சிலந்தி முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கும் வந்து, காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்த கதை உங்களுக்குத் தெரியும். மெக்சிகோவின் கெரெரோ மாநிலத்துத் தேங்காயில் கண்டு 1965-ல் பெயர் வைக்கப்பட்ட இந்தப் பேனுக்கு உருவம் புழு மாதிரி, கால் நான்குதான், நீளம் கால் மில்லிமீட்டருக்குள். குரும்பையின் காம்படியில் மூடியிருக்கும் செதில்களுக்குள் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். செதிலுக்கு வெளியே முக்கோணமாக ஒரு வெளுப்பு தெரியும்போது உள்ளே ஊரே குடியேறியிருக்கும்.

இதையும் ஹிர்சுட்டெல்லா பிடிக்கும். பெங்களூரில் இருந்த மத்திய அரசின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுப் பேனிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மைகோஹிட் என்று தூளாக்கியது. 25 முதல் 30 டிகிரிக்குள் வளரும் பூஞ்சை. செதிலுக்கு அடியில் ஈரமும் நிழலும் எப்போதும் உண்டு. உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டால் நமக்கு ஆபத்தான இடம். நல்லவேளையாக, உள்ளே போய்ச் சேர்வதுதான் கஷ்டம். ஐம்பதடி உயரத்தில், செதிலின் இடுக்கில், தூளைக் கரைத்த தண்ணீரைக் கொண்டுசேர்க்க மரமேறி வேண்டும். மரமேறி கிடைக்கும் நாளும் நேரமும் அவர் சொல்வதுதான். அவர் பத்தரைக்குத்தான் வருவார்.

கவலை தரும் செய்தி ஒன்று

சூட்டை நம்பி நாம் இவ்வளவு திட்டம் போடுகிறோம். சூட்டுக்கே பூஞ்சையைப் பழக்கிவிட முடியுமா என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். தேன்கூட்டின் குஞ்சறை மழையோ வெயிலோ 35 டிகிரியை ஒட்டியே நிற்கும். தேனீக்கள் சிறகடித்தும் உடம்பை அதிரவைத்தும் அதை அப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த அறைக்குள் வர்ரோவா என்ற பேன் தேனீக் குஞ்சுகளில் ஒட்டி உறிஞ்சுகிறது. மேற்கத்தியத் தேனீ வளர்ப்பில் இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. பெரும்பாலான பூஞ்சைகள் அந்தச் சூட்டிலேயே படுத்துவிடும் என்பதால் வர்ரோவாவுக்கு அது பாதுகாப்பான வீடாக இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆட்கள் மெட்டாரைசியத்தை எடுத்து, சூட்டைத் தாங்கிய வித்துகளை மட்டும் பிரித்து, அதை வர்ரோவாவின் மேல் விட்டு, செத்த பேனிலிருந்து மறுபடி பூஞ்சையை வளர்த்து, இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, கூட்டின் சூட்டிலும் வேலை செய்யும் ரகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2021-ல் கட்டுரையும் வந்துவிட்டது. நம் வெண்டைக்கும் கத்தரிக்கும் இதே மாதிரி யாராவது செய்து, 38 டிகிரியில் அசராத ரகம் கடைக்கு வந்தால் இந்தக் கையேட்டில் பாதி காலாவதியாகிவிடும். தகர அலமாரி இருக்கும்வரை மீதி நிற்கும்.

செய்துவிடக் கூடாதவை

எவ்வளவு எச்சரித்தாலும் சிலர் பூஞ்சையை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்ததில், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடையில் ஸ்டாக் வாங்குவதில்லை. உற்பத்தி செய்யும் இடத்துக்கே போய், அந்த மாதத்துச் சரக்கை, ஈரச் சாக்கில் சுற்றியோ தெர்மோகோல் பெட்டியிலோ கொண்டுவருகிறார்கள். வந்ததும் நிழலான மண் தரையில், ஈரம் ஏறாமல் மூடி வைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் நொய்யரிசியைக் குக்கரில் நன்றாக வேகவைத்து, ஆறியபின் சிட்டிகைத் தூளைக் கலந்து, சுத்தமான பையில் கட்டி வைக்கிறார்கள். பெவேரியா உயிரோடிருந்தால் ஒரு வாரத்தில் அரிசியின் மேல் வெள்ளைப் பஞ்சு படரும். கறுப்போ மஞ்சளோ படர்ந்தால் வந்தது வேறு ஆள். எதுவுமே படராவிட்டால் உங்களைப் போன்ற ஒருவர் ஏற்கெனவே கடமையைச் செய்து முடித்துவிட்டார் என்று பொருள்.

அவர்கள் இலை வெளுக்கும்வரை காத்திருப்பதும் இல்லை. மாசியிலேயே வெள்ளைத் தாளை நீட்டி இலையைத் தட்டிப் பார்த்து, ஓடும் புள்ளிகள் நாலைந்து தெரிந்ததுமே தொடங்கிவிடுகிறார்கள். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, சாயங்காலத்தில், இலையடியில் நனையும்படி அடிக்கிறார்கள். வித்து பேனுக்குள் போகாவிட்டால் சட்டையோடு போய்விடும், முட்டையும் மிச்சம் இருக்கும் என்பதால் ஒரு வாரம் போல் இடைவெளி விட்டு மறுபடி அடிக்கிறார்கள். பூஞ்சாணக்கொல்லி அடிப்பதானால் முன்னும் பின்னும் நாள் விட்டுத்தான் அடிக்கிறார்கள், டேங்கையும் கழுவிவிடுகிறார்கள். சித்திரை பிறந்து வெப்பம் 38-க்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சையை நம்பி உட்காராமல் வேறு வழி பார்க்கிறார்கள். இவர்களோடு பழகாதீர்கள்.

கடைசியாக, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று கடையில் போய்ச் சத்தம் போட அது தேவைப்படும். கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி பாக்கெட்டைக் காட்டும். பாக்கெட்டின் பின்பக்கம், மடிப்பு ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் நேரடி வெயில் படாமல் வைக்கவும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்க, பேன் பார்க்க வாங்கிய அதே பத்து மடங்கு லென்ஸ் போதும்.